உள்ளே விடாததா, வெளியே தள்ளுவதா?

1948இல் ஆரியோமைசின் அறிமுகமானதோடு டெட்ராசைக்ளின் வகை மருந்துகளின் வரலாறு தொடங்குகிறது. பாக்டீரியாவின் ரைபோசோமைப் பற்றிக்கொண்டு புரத உற்பத்தியை நிறுத்துவது இம்மருந்தின் செயல். 1950களிலேயே ஜப்பானில் சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா, இம்மருந்து உட்படப் பலவற்றையும் ஒருசேர எதிர்த்து நின்றது. அத்திறனைச் சுமப்பவை செல்லிலிருந்து செல்லுக்குக் கடத்தப்படும் பிளாஸ்மிட்கள் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் டெட்ராசைக்ளினை எதிர்க்கும் மரபணு என்ன செய்கிறது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை.

பெனிசிலினை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் பல அதனை நொதியால் சிதைத்துவிடுகின்றன. டெட்ராசைக்ளினோ சிதையவில்லை, எதிர்ப்புள்ள செல்லுக்குள் அதன் அளவு குறைந்திருந்தது, அவ்வளவே. ஆகவே சவ்வு மருந்தை உள்ளே விடுவதில்லை என்ற விளக்கம் இயல்பாகவே எழுந்தது. ஆனால் அதே சான்றுக்கு மற்றொரு விளக்கமும் பொருந்தும்: உள்ளே வந்தது உடனுக்குடன் வெளியேற்றப்படலாம். செல்லுக்குள் எஞ்சியிருக்கும் மருந்தை மட்டும் அளப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது 1980இல் வெளிவந்த ஓர் ஆய்வு. பாஸ்டனில் உள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் லாரா மக்மரி, பெட்ரூச்சி, ஸ்டூவர்ட் லெவி ஆகியோர் எஷெரிச்சியா கோலையின் சவ்வை உட்புறம் வெளியாகத் திருப்பிச் சிறு குமிழ்களாக்கினர். சவ்வு வெறும் தடையாயின் குமிழுக்குள் மருந்து சேரக் காரணமில்லை. வெளியேற்றும் பம்பு இருப்பின், திசை மாறியதால் அது மருந்தைக் குமிழுக்குள் நிரப்பும். ஆற்றல் அளித்தபோது மருந்து சேர்ந்தது. எதிர்ப்பற்ற செல்களின் குமிழ்களில் சேரவில்லை. மரபணு அளவில் வேறுபட்ட நான்கு எதிர்ப்பு வகைகளிலும் இதுவே முடிவு.

பிளாஸ்மிட் கொணர்வது மட்டுமன்று, பாக்டீரியாவுக்கே உரிய பம்பும் உண்டு. 1960களில் நகமுரா, அக்ரிஃப்ளேவின் என்னும் சாயத்தைத் தாங்கும் திறனோடு தொடர்புடைய மரபணு ஒன்றைக் கண்டறிந்தார். சாயத்தின் பெயரே மரபணுவின் பெயருக்கும் வேராயிற்று. அது பம்பின் ஓர் உறுப்பு என்பது 1990களில்தான் தெரிந்தது. ஏக்ஆர்ஏ, ஏக்ஆர்பி, டால்சி என்னும் புரதங்கள் இணைந்து, இரு சவ்வுகளையும் கடந்து நச்சை வெளியே தள்ளுகின்றன. ஏக்ஆர்பியின் வடிவத்தை 2002இல் ஜப்பானின் முரகாமி, யமகுச்சி குழுவினர் வெளியிட்டனர். அதன் மூன்று அலகுகளும் முறைவைத்து இயங்குவதை 2006இல் காட்டினர்.

இப்பம்பு பித்த உப்புகளையும் வெளியேற்றுகிறது. அவை நிறைந்த குடலில் வாழும் உயிருக்கு அது அன்றாடத் தேவை. மருந்துகள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை. எனவே ‘மருந்து எதிர்ப்பு’ என்னும் பெயர் மனிதரின் பார்வையிலிருந்து எழுந்ததேயன்றி, பம்பின் தோற்றத்தைச் சொல்வதன்று. இது பெயர் குறித்த விவாதமாக நின்றுவிடுவதில்லை. சோப்புகளில் கலக்கப்பட்ட டிரைக்ளோசானையும் இதே பம்பு வெளியேற்றுவதை 1998இல் லெவியின் குழு காட்டியது. பம்பு மிகுந்த செல் டிரைக்ளோசானுக்குத் தப்பும்போது, பல மருந்துகளுக்கும் சேர்த்தே தப்புகிறது. மருந்துச்சீட்டை மட்டும் கட்டுப்படுத்தி, கை கழுவும் தொட்டியை மறந்துவிடும் கொள்கை பாதி வழியிலேயே நின்றுவிடும்.