கருவின் அசைவும் சட்டத்தின் எல்லையும்

முன்னுரை

மனிதனாக வளரும் உள்ளாற்றல் கருவிற்கு உண்டு என்பதில் ஐயமில்லை. அவ்வாற்றல் ஒன்றே மனிதனுக்குரிய உரிமையைக் கருவிற்குத் தருமா என்பதே அறவியலின் சிக்கலாகும். இவ்வினாவை இந்தியச் சட்டம் 1860 முதல் எதிர்கொண்ட முறையினை இக்கட்டுரை ஆராய்கிறது.

அசைவு என்னும் எல்லை

உள்ளாற்றல் வேறு, நிறைநிலை வேறு எனப் பகுத்தவர் அரிஸ்டாட்டில். உணர்வு தோன்றுவதற்கு முன்னர்ச் செய்யப்படும் கருக்கலைப்பை அவர் தம் அரசியல் நூலில் ஏற்கிறார். சுசுருத சம்ஹிதையோ நான்காம் மாதத்தில் கருவின் இதயம் தெளிவுறும் என்றும், அப்போது தாய் இரு இதயம் உடையவளாகிறாள் என்றும் கூறுகிறது. கருவளர்ச்சியில் ஒரு திருப்பத்தை இரு மரபுகளும் காண்கின்றன எனலாம்.

கருவின் அசைவைத் தாய் உணரும் நிலையை ஆங்கிலச் சட்டம் எல்லையாகக் கொண்டிருந்தது. 1803ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலைக்குப் பிந்தைய கருக்கலைப்பிற்கு மரண தண்டனை விதித்தது. 1837இல் இங்கிலாந்து இவ்வேறுபாட்டைக் கைவிட்டது. ஆயினும் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவில் அது இடம்பெற்றது. தாயின் உயிரைக் காக்கும் நோக்கமின்றிக் கருவைக் கலைப்போருக்கு 3 ஆண்டு வரையிலும், அசைவு உணரப்பட்ட பின்னராயின் 7 ஆண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணும் இப்பிரிவிற்கு உட்பட்டவளே. அசைவை முதலில் அறிபவள் அவளே. அவள் மட்டுமே அறியும் அவ்வுணர்வே அவளது தண்டனையைக் கூட்டுவதற்கும் அளவுகோலாயிற்று.

1971: இருவேறு திருப்பங்கள்

சாந்திலால் ஷா தலைமையில் 1964இல் அமைந்த குழு 1966இல் அறிக்கை அளித்தது. அதன் வழியே 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 12 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், 20 வாரம் வரை இரு மருத்துவரின் கருத்தும் தேவை என அது வகுத்தது. தாயின் உடல்நலமும் மனநலமும் இதன் அடிப்படையாயின. ஆயினும் முடிவெடுக்கும் உரிமை பெண்ணிடம் தரப்படவில்லை. குற்றத்திற்கு விலக்கே தரப்பட்டது.

அதே ஆண்டில் அமெரிக்க மெய்யியலாளர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் வேறொரு வாதத்தை முன்வைத்தார். கருவை மனிதன் என்றே கொண்டாலும், பிறர் உடலைப் பயன்படுத்தும் உரிமை அதனால் வந்துவிடாது என்பது அவர் கருத்தாகும். 1989இல் டான் மார்க்விஸ் இதற்கு எதிர்நிலை எடுத்தார். கொலையின் தீமை எதிர்காலத்தைப் பறிப்பதில் உள்ளது. கருவிற்கும் அத்தகைய எதிர்காலம் உண்டு என அவர் வாதிட்டார்.

அண்மைக்கால நிலை

2021ஆம் ஆண்டுத் திருத்தம் சில வகைப் பெண்களுக்கு எல்லையை 24 வாரமாக உயர்த்தியது. மணமாகாத பெண்களும் அவ்வகையில் அடங்குவர் என உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் இரு குழந்தைகளின் தாயான ஒருவர், பேறுகாலத்திற்குப் பிந்தைய மனச்சோர்வைக் காட்டி, 26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி வேண்டினார். முதலில் அனுமதித்த இரு நீதிபதிகளும் பின்னர்க் கருத்து வேறுபட்டனர். மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, கருவிலும் குறையில்லை என்பன காரணங்களாயின.

முடிவுரை

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவிலும் அசைவு என்னும் பழைய எல்லை தொடர்கிறது. வாரக் கணக்கும் அசைவும் வளர்ச்சியின் படிகளைக் காட்டுவனவே. உரிமை எங்கே தொடங்குகிறது என்பதை அவை தாமாகச் சொல்வதில்லை. கருவின் உள்ளாற்றலை மதிப்பது ஒன்று. அதனைச் சுமப்பவளின் விருப்பத்தை விலக்குவது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாத வரையில், தண்டனைச் சட்டத்திற்கு விலக்கு என்னும் நிலையிலேயே பெண்ணின் உரிமை நிற்கும் என்பது இவ்வாய்வின் முடிபாகும்.