லித்தியம் லெவல் பிறந்த கதை

"ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டுக்குங்க. காலையில போடாம, ஒன்பது மணிக்கு லேபுக்கு வந்து ரத்தம் கொடுங்க. கொடுத்த பிறகு காலை மாத்திரையைப் போடலாம்." இருமுனையக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வாசகம் மனப்பாடம். சீட்டில் 'சீரம் லித்தியம்' என்று இருக்கும். பேச்சில் அது 'லித்தியம் லெவல்'. 0.7 என்றோ 0.9 என்றோ ஓர் எண் வரும். அதைப் பார்த்துத்தான் டாக்டர் டோஸைக் கூட்டுவார், குறைப்பார், அல்லது அப்படியே விட்டுவிடுவார். மனநோய் மருந்துகளில் இவ்வளவு கறாராக ரத்தத்தில் அளந்து கொடுக்கப்படுபவை மிகச் சில. அந்த எண்ணுக்குப் பின்னால் சில சாவுகள் இருக்கின்றன.

லித்தியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜான் கேடில் தொடங்கி ஜான் கேடிலேயே முடித்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர். ஊர் திரும்பியதும் மெல்பர்ன் பக்கம் பண்டூரா மனநல மருத்துவமனையில், சும்மா கிடந்த ஒரு சாமான் அறையைச் சோதனைக்கூடம் ஆக்கிக்கொண்டார். மேனியா, அதாவது இருமுனையக் கோளாறின் பரபரப்பு நிலை, கொண்ட நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்பது அவருடைய எண்ணம். அதைக் கினிப்பன்றிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலத்தையும் சோதிக்க விரும்பி, அது எளிதில் கரையட்டும் என்று லித்தியம் உப்பாக எடுத்துக்கொண்டார். பரபரத்துக்கொண்டிருந்த பிராணிகள் அடங்கிப் போயின. (அடங்கியது சாந்தத்தால் அல்ல, லித்தியம் நஞ்சேறிச் சோர்ந்ததால் இருக்கலாம் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். அப்படியானால் இவ்வளவு அதிர்ஷ்டமான தப்புக்கணக்கு மருத்துவ வரலாற்றில் அதிகம் இருக்காது.)

லித்தியத்தை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். பிறகு 1948 மார்ச் 29 அன்று, ஐந்து ஆண்டுகளாக மேனியாவிலிருந்து மீளாத ஒரு 51 வயதுக்காரருக்குக் கொடுத்தார். சில மாதங்களில் அந்த மனிதர் வீட்டுக்குப் போனார். பழைய வேலைக்கும் போனார். பத்து மேனியா நோயாளிகளின் கதையோடு கேடின் கட்டுரை 1949 செப்டம்பர் 3 அன்று ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வந்தது.

வெற்றிக் கதைகள் இங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடும். அந்த முதல் நோயாளிக்கு அப்புறம் என்ன ஆயிற்று? வீட்டுக்குப் போனவர் மருந்தை விட்டார். நோய் திரும்பியது. மறுபடி லித்தியம் கொடுத்தார்கள். உடம்பு தாங்காமல் நிறுத்தினார்கள். நோய் முற்றவே மறுபடியும் கொடுத்தார்கள். 1950 மே மாதம் லித்தியம் நஞ்சேறி அவர் இறந்துபோனார். கேடிடம் இருந்த ஒரே அளவுகோல் நோயாளியின் உடம்புதான். வாந்தி எடுத்தாலோ தள்ளாடினாலோ டோஸ் அதிகம் என்று தெரியும். தெரிகிறபோது சில சமயம் காலம் கடந்திருக்கும். தாம் கண்டுபிடித்த மருந்தை அவரே கொஞ்ச காலம் ஒதுக்கி வைத்தார்.

அதே 1949-இல் அமெரிக்காவில் இன்னொரு விபரீதம். இதய நோயாளிகள் சோறு தண்ணீரில் சோடியம் உப்பைக் குறைக்க வேண்டும். நாக்கு கேட்காதே என்று அவர்களுக்காக லித்தியம் குளோரைடு திரவத்தை 'வெஸ்ட்சால்' என்ற பெயரில் உப்புக்குப் பதிலாக விற்றார்கள். தாராளமாகத் தூவிச் சாப்பிட்டார்கள். பலருக்கு நடுக்கம், குழறல், மயக்கம்; சிலர் இறந்தார்கள். அரசாங்கம் அவசரமாகச் சரக்கைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. லித்தியம் என்றாலே விஷம் என்று அங்கே பெயராகிவிட்டது. கேடின் கட்டுரை வந்த வேளை அவ்வளவு பொல்லாத வேளை.

அந்த மரணங்களில்தான் மருந்தின் குணம் புரிந்தது. சோடியமும் லித்தியமும் தனிம அட்டவணையில் ஒரே நெடுவரிசையில் வரும் பங்காளிகள். சிறுநீரகத்துக்கு இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடம்பில் சோடியம் குறைந்தால், இருப்பதை விடக்கூடாது என்று சிறுநீரகம் இழுத்துப் பிடிக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். உப்பை நிறுத்திய இதய நோயாளிகளுக்கே லித்தியத்தைக் கொடுத்ததுதான் கொடுமை. ஒரே டோஸ் ஒருவருக்கு மருந்தாகவும் இன்னொருவருக்கு நஞ்சாகவும் ஆவதும் இதனால்தான். ஆகவே எத்தனை மாத்திரை விழுங்கினார் என்று எண்ணுவதில் பயனில்லை. ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

பார்க்க ஒரு வழி தயாராக இருந்தது. லித்தியத்தைத் தீயில் காட்டினால் சுடர் செக்கச்செவேல் என்று எரியும், சோடியம் மஞ்சள். ஜெர்மனியில் புன்சனும் கிர்க்காஃபும் 1860-லேயே இந்த நிறங்களை வைத்துத் தனிமங்களை அடையாளம் கண்டார்கள். சுடரின் நிறம் எவ்வளவு அழுத்தம் என்று அளக்கும் சுடர் ஒளிமானி 1940-களில் ஆய்வகங்களுக்கு வந்தது. 1950-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் டால்பட், ரத்தத்தில் லித்தியத்தை அளந்துகொண்டே கொடுக்கலாம் என்று எழுதினார். மனநோயைப் பற்றி அவர் பேசவில்லை. அவருடைய கவலை உப்புக்கு மாற்று.

மெல்பர்னில் எட்வர்ட் டிராட்னர் என்ற உடலியங்கியல் அறிஞரும் மான்ட் பார்க் மருத்துவமனையின் சார்லஸ் நோவாக்கும் 1951-இல், நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு லித்தியம் கொடுத்து ஒரு மரணமும் இல்லாமல் கொண்டுசெலுத்தினார்கள். உடம்பு எவ்வளவு லித்தியத்தை வைத்துக்கொள்கிறது, எவ்வளவை வெளியேற்றுகிறது என்று டிராட்னர் குழு அளந்து 1955-இல் கட்டுரையாக்கியது. என்னைக் கேட்டால், லித்தியத்தைக் கண்டுபிடித்தவர் கேட். அதை மருந்தாக்கியவர் டிராட்னர். இன்று அவர் பெயரைச் சொன்னால் மனநல மருத்துவர்களிலேயே பலர் யார் என்று கேட்பார்கள்.

அடுத்த கட்டம் டென்மார்க்கில். ஆர்ஹூஸ் நகரத்தை ஒட்டிய ரிஸ்கோவ் மருத்துவமனையில் மோகன்ஸ் ஷூ 1954-இல் 38 மேனியா நோயாளிகளிடம் லித்தியத்தைச் சோதித்தார். யாருக்கு நிஜ மாத்திரை, யாருக்கு வெறும் மாத்திரை என்பதில் நாணயம் சுண்டியும் முடிவு செய்தார்கள். ரத்த அளவையும் கூடவே குறித்தார்கள். ஷூவின் சொந்தத் தம்பிக்கே திரும்பத் திரும்ப மனச்சோர்வு வரும். பிற்பாடு லித்தியம்தான் அவரை மீட்டது.

இன்னும் ஒரு குழப்பம் மிச்சமிருந்தது. மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் லெவல் ஏறியிருக்கும். மறுநாள் பார்த்தால் இறங்கியிருக்கும். எந்த எண்ணை நம்புவது? டென்மார்க்கின் ஆம்டி ஆம்டிசன்தான் 1960-களின் பிற்பகுதியில் இதற்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்: கடைசி டோஸுக்குப் பின் பன்னிரண்டு மணி நேரம். லேப் சீட்டின் ஒன்பது மணிக்கு அப்பன் அவர். 1970-இல் அமெரிக்க அரசும் மேனியாவுக்கு லித்தியத்தை அனுமதித்தது. இன்று தீயும் சுடரும் போய், மின்முனைக் கருவிகள் அளக்கின்றன. ரத்தம் எடுக்கும் குழாயில் உறையாதிருக்க லித்தியம் ஹெப்பாரின் கலந்திருந்தால் எண் பொய்யாக எகிறும் என்பதை மட்டும் லேப்காரர்கள் மறக்கக்கூடாது.

தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பொதுவாக 0.6 முதல் 1.0 வரை போதும். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. முதியவர்களுக்கு அதற்கு முன்னாலேயே சிக்கல் வரலாம்; எண் சரியாக இருக்கிறதே என்று தள்ளாட்டத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. பழைய நாட்களில் லெவலை இன்னும் உயரத்தில் வைத்தார்கள். அது இறங்கியதில் பக்கவிளைவுகளும் குறைந்தன. விரல் நுனியில் மெல்லிய நடுக்கம், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை கூடுவது ஆகியவற்றுக்காகப் பலர் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். சொன்னால் டோஸைக் குறைக்க முடியும். ஒரே வேளையாக இரவில் கொடுக்க முடியும். நடுக்கத்துக்குத் தனி மாத்திரையும் உண்டு. தாகத்துக்குக் குளிர்பானத்தைத் தவிர்த்துத் தண்ணீர் குடித்தாலே எடையில் பாதிச் சண்டை தீரும். தைராய்டையும் சிறுநீரகத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதும் இதே கணக்கில் சேரும்.

லித்தியம் சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டினாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும், பிரஷருக்காக உப்பைத் திடீரென்று நிறுத்தினாலும் லெவல் ஏறும். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும், பிரஷர் மாத்திரைகள் சிலவும் ஏற்றும். புதிதாக எந்த மாத்திரை தொடங்கினாலும் லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். வாந்தி, கை உதறல், நாக்குக் குழறல், தள்ளாட்டம் சேர்ந்து வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போய் லெவல் பார்க்கச் சொல்லுங்கள்.