தொட்டியிலும் தீவிலும் பாசி

நம் ஊர்க்காரர்களுக்குப் பாசி புதிய சங்கதி அல்ல. குளத்துப் படிகளில் ஒருமுறையாவது சறுக்காத சிறுவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் அபூர்வம். கோடையில் கண்மாய்த் தண்ணீர் சுண்டிப் பச்சை பிடிப்பதும் நாம் பார்த்துப் பழகியதுதான். கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, ராஜபாளையத்தில் வீட்டுக் கூடத்தில் உப்புநீர்த் தொட்டி வைத்து, பவளத்திட்டு போலப் பாறை அடுக்கிக் கடல்மீன் வளர்க்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புதிது. அப்படி வளர்க்கும் ஒரு தம்பி, "ஐயா, தலைமுடி மாதிரி பச்சைப் பாசி பாறையெல்லாம் மூடுது. என்ன மருந்து போடலாம்?" என்று கேட்டார்.

நான் ஓய்வுபெற்ற குமாஸ்தா. மீன் வைத்தியன் அல்ல. ஆனால் பிரெஞ்சு வழியில் படித்ததால், இந்தப் பாசி விவகாரம் பற்றி அந்த மொழியில் நிறைய வாசித்திருக்கிறேன். ஆகவே மருந்துக்குப் பதில் ஒரு வரலாறு சொல்கிறேன். மருந்து அதற்குள்ளேயே இருக்கிறது.

கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து ஆராய்ந்த முன்னோடி ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. பெயர் ழான் வில்ப்ரு-பவர். தையல் வேலை செய்து முன்னுக்கு வந்தவர். கணவரோடு சிசிலித் தீவில் வாழ்ந்தபோது, 1832-இல் தொட்டிகள் செய்வித்து அவற்றில் கடல் உயிர்களை வளர்த்துப் பார்த்தார். பாசியை அடக்கும் முதல் பாடம் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து லண்டனில் கிடைத்தது. ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களும் ஒரு நீர்ச்செடியும் வைத்தார். செடியின் இலை அழுகித் தண்ணீர் கலங்கியது. கண்ணாடியில் பச்சை படிந்தது. அவர் எந்த மருந்தும் ஊற்றவில்லை. சில குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலையும் பச்சையையும் மேய்ந்தன, தண்ணீர் தெளிந்தது. இதை அவர் 1850-இல் எழுதி வெளியிட்டார். பாசியைத் தின்ன ஆள் வேண்டும் என்பதுதான் அந்தப் பாடம்.

இதே பாடத்தைக் கடல் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. கரீபியன் கடலில், 1983-இல் ஏதோ ஒரு நோய் பரவி, நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகள் ஏறக்குறைய எல்லாமே ஓராண்டுக்குள் மாண்டன. பாறைமேல் பாசியை மேய்ந்துகொண்டிருந்தவை அவைதான். ஜமைக்காவில் மற்ற மேய்ப்பர்களான மீன்களை மனிதர்கள் முன்பே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1970-களின் இறுதியில் கடலடியில் பாதிக்குப் பவளம் இருந்த இடத்தில், 1990-களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்துகூட மிஞ்சவில்லை. பாக்கி இடத்தைப் பாசி பிடித்துக்கொண்டது.

இந்தக் கதையில் பாசியைப் பகைவனாக எண்ணிவிடக் கூடாது. பவளத்தின் சதைக்குள்ளேயே நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கி உணவாக்கிப் பவளத்துக்குக் கொடுப்பது அதுதான். உள்ளே இருக்கும் பாசிக்கு வெளிச்சம் கிடைக்காதபடி வெளியே இருந்து வரும் பாசி போர்த்திக்கொள்வதுதான் தகராறு.

இரண்டாவது பாடம் மொனாக்கோவிலிருந்து. அங்கே கடல்சார் அருங்காட்சியகத்தின் மீன் தொட்டிகளில் அழகுக்காக ஒரு வெப்பமண்டலப் பாசியை வளர்த்தார்கள். பெயர் காலர்ப்பா. இறகு போன்ற இலை, பளிச்சென்ற பச்சை. 1984-இல் அந்தக் கட்டடத்துக்கு நேர் கீழே கடலில் அது ஒரு சதுர மீட்டர் அளவுக்குக் காணப்பட்டது. ஒரு பாய் விரிக்கும் இடம்கூட இல்லை. நீஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அலெக்ஸாந்த்ர் மெய்னெஸ் ஆண்டுக்கணக்கில் எச்சரித்தார். பிரெஞ்சுப் பத்திரிகைகள் அதற்குக் 'கொலைகாரப் பாசி' என்று பெயர் வைத்தன. அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1990-கள் முடிவதற்குள் இத்தாலி, ஸ்பெயின், குரோவேஷியா கரைகளிலும் அது பரவிவிட்டது.

2000-இல் அதே பாசி அமெரிக்காவில், சான் டியாகோ அருகே ஒரு உப்பங்கழியில் தென்பட்டது. அவர்கள் காத்திருக்கவில்லை. கண்டுபிடித்த சில வாரங்களிலேயே தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். 2006-இல் அடியோடு ஒழிந்ததாக அறிவித்தார்கள். இரண்டு இடத்திலும் பாசி ஒன்றே. கோப்பு நகர்ந்த வேகம்தான் வேறு. நாற்பது வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தவனுக்கு இது நன்றாகவே புரிகிறது.

இனி நம் கடல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல் தேசியப் பூங்கா அமைந்தது. அந்தக் கரையில் பெண்கள் தலைமுறையாகக் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்துப் பிழைத்தவர்கள். பூங்காக் கட்டுப்பாடு வந்தபின் அந்தப் பிழைப்பு சுருங்கியது. அந்தச் சமயத்தில்தான் மாற்று வழியாக வெளிநாட்டுப் பாசி ஒன்று வந்தது. அறிவியல் பெயர் கப்பாபைகஸ். மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் 1995-இல் மண்டபத்தில் அதை வளர்த்துப் பார்த்தது. பின்னர் பெப்சி நிறுவனம் இதில் இறங்கியதால் ஊர்மக்கள் அதைப் 'பெப்சி பாசி' என்றே அழைத்தார்கள். மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி நட்டால், ஒன்றரை மாதத்தில் சுமார் நான்கு மடங்கு ஆகிவிடும். அதிலிருந்து எடுக்கும் காராஜீனன் ஐஸ்கிரீமையும் பால் பண்டங்களையும் கெட்டியாக்கப் பயன்படுகிறது. பாலை மணிக்கணக்கில் கிண்டிக் கெட்டியாக்கும் பால்கோவாக்காரர்கள் ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

2005-இல் தமிழக அரசு ஆணை போட்டது: இந்தப் பாசியைப் பாக் விரிகுடாவுக்கு வடக்கேயும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டுமே வளர்க்கலாம். ஆனால் கடலுக்கு வேலி ஏது? 2008-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாம்பனுக்கு அருகே குருசடைத் தீவில் மான்கொம்புப் பவளங்களின்மேல் இது போர்வையாகப் படர்ந்திருப்பதை வெளியிட்டார்கள். பின்னர் பக்கத்துத் தீவுகளிலும் தென்பட்டது. வனத்துறை ஆட்களை இறக்கிக் கையால் பிய்த்து எடுக்கிறது. ஒரு விரல்நீளத் துண்டு விட்டுப்போனாலும் மறுபடி முளைக்கிறது. நல்லெண்ணத்தோடு கொண்டுவந்த சீமைக் கருவேலத்தை இன்றுவரை வெட்டிக்கொண்டிருக்கும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1970-களில் இதே இனப் பாசியை வளர்ப்புக்காகக் கொண்டுபோன ஹவாய்த் தீவிலும் அது பவளத்தின்மேல் ஏறியது. அங்கே படகிலிருந்து பெரிய குழாயால் உறிஞ்சி எடுத்தார்கள். அதோடு நிற்காமல், 2011 முதல் கடல் முள்ளெலிக் குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்துத் திட்டுகளில் விட்டார்கள். வாரிங்டனின் நத்தைப் பாடம்தான்!

இப்போது தொட்டிக்காரத் தம்பிகளுக்கு. பாசி ஒரு நோய் அல்ல. தண்ணீரில் மிஞ்சிய தீனியின் கணக்குச் சீட்டு. மீன் தின்னாமல் விட்ட உணவும் அதன் கழிவும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டுமாக மாறிப் பாசிக்கு உரமாகின்றன. தீனியைக் குறையுங்கள். குழாய்த் தண்ணீரிலோ போர்த் தண்ணீரிலோ நேரடியாக உப்பைக் கரைக்காமல், ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை போட்டு, வாரம்தோறும் கொஞ்சம் மாற்றுங்கள். விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். படிந்த பாசியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, உதிர்ந்த துணுக்குகளையும் குழாய் வைத்து இழுத்துவிடுங்கள். மேய்வதற்குக் கடல் நத்தைகள் இருக்கட்டும். மருந்து ஊற்றினால் செத்த பாசி அங்கேயே அழுகி அடுத்த பாசிக்கு உரமாகும். உயிருள்ள பாறைப் பவளம் யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். 2001 முதல் அது புலிக்கு நிகராகச் சட்டம் காக்கும் உயிர். எல்லாவற்றுக்கும் மேலாக, தொட்டியில் வளர்ந்த எதையும் கண்மாயிலோ கடலிலோ கொட்டாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

2023-இல் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில், சுமார் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அந்தக் கரைப் பெண்களுக்கு வேலை வேண்டும்; அதில் இரண்டு கருத்து இல்லை. மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் அந்தக் கடலிலேயே பிறந்தவை. அவற்றைப் பெருக்கும் வழிக்கு முதலிடம் கொடுத்தால் அந்தப் பெண்களும் பிழைப்பார்கள், பவளமும் பிழைக்கும். மொனாக்கோவில் ஒரு சதுர மீட்டராக இருந்தபோது எடுத்திருந்தால் ஒருவர் ஒரு காலைப் பொழுதில் முடித்திருக்கக்கூடிய வேலை அது.