கையால் குத்திய பச்சை

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், தலைவர்களின் வரலாற்றையும் சங்கத்தின் வரலாற்றையும் அன்பர்கள் பலர் இம்மலரில் எழுதியுள்ளனர். நாம் எழுதப் புகுவது நம் மூதாட்டியரின் கைகளில் எழுதப்பட்ட வரலாறு.

மயிலாப்பூரின் பழைய சேரிகளிலும், மாம்பலத்துக் குடிசைப் பகுதிகளிலும், அடையாற்றங்கரைக் குப்பங்களிலும் முன்கையில் பச்சை குத்திய மூதாட்டியரைக் கண்டே நாம் வளர்ந்தோம். புள்ளிக் கோலம், தேள், மீன், தேர், இறந்த பிள்ளையின் பெயர், வாயால் சொல்லக் கூசிய கணவன் பெயர் என அவை பலவகை. பொன்னும் வெள்ளியும் அடகுக் கடைக்குப் போகும். பச்சையோ இடுகாடு வரை உடன் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இக்கலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் குறவர் குலப் பெண்கள். ஊர் ஊராக, தெருத் தெருவாகக் கூவிச் சென்று பச்சை குத்தியவர்கள் அவர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அவர்களுடைய தொழில்முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளார். மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்தரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பர். விளக்கின்மேல் புதுச் சட்டியைக் கவிழ்த்துப் படியும் கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பர். மூன்று நான்கு தையல் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டி, மையில் தோய்த்துக் குத்துவர். வலி தெரியாதிருக்கப் பாட்டுப் பாடுவர். குத்தி முடித்ததும் வீக்கம் காணாதிருக்க மஞ்சள் பூசுவர். ஒரு புள்ளிக்குக் கால் அணா முதல் பெரிய உருவத்துக்குப் பன்னிரண்டு அணா வரை கூலி. காசில்லாத ஊரில் அரிசியே கூலி.

கரிய மை பச்சையாகத் தோன்றுவது எங்ஙனம் என இளைஞர் வினவலாம். மேல்தோல் சில வாரங்களுக்கொருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. ஊசியோ அதனைக் கடந்து அடித்தோலில் கரித்துகளைச் சேர்க்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் அத்துகளை விழுங்கி வெளியேற்ற இயலாமல் வைத்துக்கொள்கின்றன. தோலின் ஊடே காணும்போது அக்கருமை நீலமும் பச்சையுமாகத் தோன்றுகிறது. நம் பாட்டியர் இதன் காரணத்தை அறியார். நிறத்தைக் கண்டே பெயரிட்டனர்.

இவ்வூசிக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1797-ஆம் ஆண்டு வங்காள மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி இயற்றிய விதியின்படி, ஆயுள் தண்டனை பெற்றவரின் நெற்றியில் அவர் பெயரும் குற்றமும் தண்டனை நாளும் பச்சை குத்தப்பட்டன. சென்னை மாகாணத்திலும் பின்னர் இவ்வழக்கம் புகுந்தது. 1849-இல்தான் இது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முன்கையில் விரும்பிக் குத்திக்கொண்ட பூவும் நெற்றியில் வலிந்து குத்தப்பட்ட குற்றப் பெயரும் ஊசியால் வந்தவைதாம். ஆயின் ஒன்று அணி, மற்றொன்று விலங்கு. யாருடைய விருப்பத்தால் குத்தப்பட்டது என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு.

பச்சை குத்திய அப்பெண்களின் குலமும் முத்திரைக்குத் தப்பவில்லை. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் குடியினர் பலர் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டனர். கைரேகை வைத்து, காவல் நிலையத்தில் வருகை சொல்லி, அனுமதிச் சீட்டின்றி ஊர் கடக்க இயலாத நிலை ஏற்பட்டது. ஊர் சுற்றிப் பிழைக்கும் கலைக்கு இதைவிடப் பெரிய இடி வேறென்ன? சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31-இலும் இச்சட்டம் நீங்கியது. அம்மக்களுள் ஒரு பகுதியினர் இன்று நம்மோடு பட்டியல் சாதியினராகவும், மற்றொரு பகுதியினர் சீர்மரபினராகவும் உள்ளனர். அவர்களை இழிவாகப் பேசும் வழக்கம் நம்மிடையே எஞ்சியிருப்பின் அதனை இன்றே விட்டொழிக்க வேண்டும்.

இனி, நமக்கு விதிக்கப்பட்ட தடைகளைக் காண்போம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னகையும் வெள்ளி நகையும் அணியக் கூடாதென்பது அவற்றுள் ஒன்று. பெண்கள் மேலாடை அணியவும் பூச்சூடவும் கூடாதென்றனர். மறுத்தவரின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931-இல் தடைகள் பதினொன்றாகப் பெருகின. நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கவே கூடாதென்பது அப்போது சேர்ந்தது. நகையைத் தடுத்தவர்களே எழுத்தையும் தடுத்தார்கள் என்பதை இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும். பச்சை குத்தும் வழக்கம் பிற சாதியினரிடமும் இருந்ததுண்டு. எனினும், பறிக்க இயலாத நகையாக அது நம் பெண்களின் கையில் இருந்த பொருளே வேறு.

எழுத்து நம் குடிசைக்குள் முதன்முதல் நுழைந்ததும் பல வீடுகளில் இவ்வழியேதான். படிக்கத் தெரியாத தாய் தன் கையிலிருந்த பெயரைத் தடவிப் பார்த்தே அறிந்தாள். அவ்வெழுத்தைப் பிள்ளைகள் படிக்கும் காலமும் வந்தது. 1894-இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். மயிலைக்கு அண்டையிலுள்ள இராயப்பேட்டையிலிருந்து 1907-இல் பண்டிதர் அயோத்திதாசர் தம் வார இதழை வெளியிட்டார். தாயின் தோலில் இருந்த எழுத்து மகனின் பலகைக்கும் பேரனின் ஏட்டுக்கும் வந்து சேர்ந்தது. நம் சங்கத்தின் 25 ஆண்டு உழைப்பும் அப்பயணத்தின் தொடர்ச்சியே.

இதற்கிடையில் ஊசியும் மாறிற்று. எடிசனின் மின்பேனாவை அடியொற்றி நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி என்பார் 1891-இல் பச்சை குத்தும் மின்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கை ஒவ்வொன்றாகக் குத்துவதைப் பொறி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் குத்துகிறது. 1970-களில் எம்.ஜி.ஆர். கேட்டுக்கொண்டபடி தொண்டர் பலர் கட்சிச் சின்னத்தைக் கையில் குத்திக்கொண்டபோது, பச்சை அரசியலிலும் புகுந்தது. இன்று தியாகராய நகரிலும் அடையாற்றிலும் குளிரூட்டிய அறைகளில் பச்சை குத்துகின்றனர். பொறியை விலக்கிக் கையூசியால் குத்துவதும் உலகெங்கும் புது நாகரிகமாகத் திரும்பியுள்ளது. குறத்தி செய்தால் இழிதொழில், குளிரறையில் செய்தால் கலை என்னும் இவ்வழக்கை நாம் ஏற்பதற்கில்லை.

எனினும், பழமை என்பதற்காகக் கண்மூடிப் போற்றுவதும் அறிவுடைமை ஆகாது. ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்கும் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி. கிருமியும் பரவக்கூடும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டதும் 1986-இல் இச்சென்னையில்தான். கையூசியாயினும் பொறியாயினும் ஆளுக்கொரு புது ஊசி வேண்டும். பச்சை குத்திக்கொண்டவர் ஓராண்டு குருதிக்கொடை அளித்தலாகாது. சில படைப்பிரிவுகளின் தேர்வில் உடலில் பச்சை இருக்கும் இடமும் அளவும் தடையாகலாம். வேலை நாடுவோர் விதிகளைப் படித்த பின்னரே முடிவு செய்தல் நன்று.

இளைஞர்களே! அண்ணல் அம்பேத்கரின் திருவுருவை நீங்கள் மார்பிலும் தோளிலும் குத்திக்கொள்வதைக் காண்கிறோம். அது உங்கள் உரிமை. எவரும் உங்கள்மீது சுமத்தாத முத்திரை. அவர் நூல்களையும் அவ்வண்ணமே நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். பிறப்பால் நம்மீது குத்தப்பட்ட இழிபெயரை எந்த ஊசியாலும் அகற்ற இயலாது; கல்வியும் ஒற்றுமையுமே அதனை அழிக்கும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பாட்டியின் கையில் பச்சை இருப்பின், அவரருகில் அமர்ந்து கேளுங்கள். எந்த ஊரில், எந்த வயதில், யார் குத்தினார், கூலி என்ன, யாருடைய பெயர் என்பதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி, கையைப் படமெடுத்துச் சங்கத்தில் சேர்ப்பியுங்கள். ஒவ்வொரு மூதாட்டியின் மறைவோடும் நம் வரலாற்றின் ஓர் ஏடு மண்ணுக்குள் போகிறது. எழுதப் படிக்கக் கற்ற நாம் அதனைப் படித்து வைப்போமாக.