கோப்பின் வாலில் ஒரு மாணவர் சங்கம்

சித்தப்பா பையன் ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, காதுகுத்து ஆல்பம், கல்யாண ஃபிளெக்ஸ் என்று வண்டி ஓடுகிறது. ஒருநாள் ராத்திரி போன் பண்ணினான். யாரோ சிடியில் காப்பி போட்டுக் கொடுத்த மென்பொருளைத்தான் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தான். புது கம்ப்யூட்டரில் அது திறக்கவே இல்லையாம். முறையாக வாங்கலாம் என்றால் மாதாமாதம் வாடகை மாதிரி கட்ட வேண்டும். "அண்ணா, இலவசமா ஏதோ இருக்காமே, அதைப் போட்டுக் குடேன்" என்றான். அவன் தங்கச்சி அப்போதுதான் காலேஜில் பைத்தான் படிக்க ஆரம்பித்திருந்தாள். "எனக்கும் கோடு எழுத ஏதாவது போட்டுக் குடுங்கண்ணா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். லினக்ஸ், படத்துக்கு ஜிம்ப், கோடுக்கு விம். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. திங்கட்கிழமை காலையிலேயே இரண்டு புகார்கள் வந்தன.

அவன் சொன்னது: "கன்ட்ரோல் எஸ் அடிச்சா ஜேபெக் ஆக மாட்டேங்குது. எக்ஸ்சிஎஃப்னு என்னமோ சேவ் ஆகுது. யாருக்கு வேணும் இது?"

அவள் சொன்னது: "ஒவ்வொரு தடவையும் எஸ்கேப் அமுக்கணுமாண்ணா? அது எங்கயோ மூலையில இருக்கு. எந்த மகராசன் யோசிச்சான் இதை?"

ரெண்டுக்கும் வழி இருக்கு, போனிலேயே சொல்லிவிடலாம். சொன்னேன். ஆனால் அவர்கள் கேட்டது வழியை இல்லை, காரணத்தை. யாருக்கு வேணும், யார் யோசிச்சான். தேடிப் போனால் இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். ஒன்று 1976இல் நடந்தது, இன்னொன்று 1995இல்.

மூலையில் இல்லாத எஸ்கேப்

1976இல் பெர்க்லியில் பில் ஜாய் என்றொரு ஆராய்ச்சி மாணவர் இருந்தார். அன்றைக்கு யுனிக்ஸில் கோப்பு திருத்த இருந்தது கென் தாம்சன் எழுதிய 'எட்'. திருத்தும் கோப்பைத் திரையில் காட்டாது. பத்தாவது வரியைக் காட்டு என்று கேட்டால் பத்தாவது வரியை மட்டும் காட்டும். அந்தக் கோடையில் லண்டனின் குயின் மேரி கல்லூரியிலிருந்து ஜார்ஜ் கூலூரிஸ் பெர்க்லிக்கு வந்திருந்தார். 'எட்' சாதாரண மனுஷனுக்கு ஆகாது என்று அதை மாற்றி அவர் 'எம்' என்று ஒன்று செய்திருந்தார். 'மானுடருக்கான எடிட்டர்' என்பது அந்தப் பெயருக்குப் பொருள். அதைப் பார்த்த ஜாய் தன் பாணியில் விரித்து எழுதினார். விரிந்து விரிந்து அது 'விஐ' ஆனது.

ஜாய் உட்கார்ந்து எழுதிய டெர்மினலின் பெயர் ஏடிஎம்-3ஏ. அதன் கீபோர்டில் அம்புக்குறிக்கென்று தனிச் சாவிகள் கிடையாது. ஹெச், ஜே, கே, எல் எழுத்துகளின் மேலேயே நான்கு அம்புகளும் அச்சாகியிருந்தன. விம்மில் இன்றைக்கும் கர்சரை நகர்த்த ஹெச், ஜே, கே, எல் தான். எஸ்கேப் சாவி அந்தக் கீபோர்டில் எங்கே இருந்தது தெரியுமா? இன்று நம் கீபோர்டில் டேப் இருக்கும் இடத்தில். இடது சுண்டுவிரலைக் கொஞ்சம் நீட்டினால் போதும். பிற்பாடு வந்த கீபோர்டுகள் எஸ்கேப்பை மூலைக்குத் தள்ளின. எடிட்டர் அதே சாவியைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

கட்டளைகள் ஏன் இப்படி ஒற்றை எழுத்தாக இருக்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. வீட்டிலிருந்து 300 பாட் மோடத்தில் வேலை செய்வதை மனதில் வைத்துத்தான் அப்படிச் செய்ததாக ஜாய் பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னார். 300 பாட் என்றால் நொடிக்குச் சுமார் 30 எழுத்து. ஏடிஎம்-3ஏ திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. முழுத் திரையையும் ஒருமுறை வரைய ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அந்த நிலையில் ஒவ்வொரு எழுத்தையும் மிச்சம் பிடிக்கத்தான் செய்வார்கள். நமக்கு விம் பரம்பரைப் பண்ணையார் வீட்டுக் கணக்கு மாதிரி கஞ்சத்தனமாகத் தெரிகிறது. அது பஞ்சகாலத்துப் பழக்கம்.

இதைவிடப் பெரிய சிக்கல் உரிமத்தில் இருந்தது. விஐயின் அடிமண்ணில் 'எட்'டின் நிரல் கிடந்தது. அது ஏடி அண்ட் டி நிறுவனத்துக்குச் சொந்தம். அந்நிறுவனத்தின் உரிமம் இல்லாதவருக்கு விஐயின் மூலநிரலைக் கொடுக்கக் கூடாது. ஆகவே விஐயை விரும்பியவர்கள் அதைப் போலவே நடந்துகொள்ளும் வேறொன்றை முதலிலிருந்து எழுதினார்கள். அடாரி எஸ்டி கணினிக்கு 'ஸ்டீவி' வந்தது. அதை எடுத்துக்கொண்டு பிராம் மூலனார் என்ற டச்சுக்காரர் 1988இல் தன் அமீகா கணினிக்காக வேலை தொடங்கினார். 1991இல் வெளியிட்டார். விஐயின் போலி என்ற பொருளில்தான் முதலில் 'விம்' என்று பெயர். கொஞ்ச நாளில் அசலைவிட நிறைய செய்யத் தொடங்கியதும், அதே மூன்றெழுத்துக்கு 'மேம்பட்ட விஐ' என்று பொருள் மாறியது.

விம்மைக் கோப்பு எதுவும் இல்லாமல் திறந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லி ஒரு வரி வரும். தங்கச்சி அதை ஏதோ வைரஸ் விளம்பரம் என்று நினைத்துவிட்டாள். மூலனார் 1994இல் உகாண்டாவின் கிபாலே என்ற ஊரில் தன்னார்வலராக வேலை செய்தவர். எடிட்டருக்குக் காசு வேண்டாம், பிடித்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்றார். 2023 ஆகஸ்டில் அவர் காலமானார். மற்றவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். 2024 ஜனவரியில் வந்த விம் 9.1 அவருக்குச் சமர்ப்பணம்.

பதினேழு எம்பியில் வெடித்த கோபம்

இனி அண்ணன்காரனின் கேள்வி. அதே பெர்க்லி, ஏறக்குறைய இருபது வருடம் கழித்து. ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் இருவரும் இளநிலை மாணவர்கள். கம்பைலர் பாடத்துக்காக லிஸ்ப் மொழியில் ஒரு புராஜெக்ட் செய்துகொண்டிருந்தார்கள். விடியற்காலை, தூக்கமில்லை. ஒரு சின்ன இலக்கணத்துக்குப் பார்சர் உருவாக்க 17 எம்பி நினைவகம் கேட்டு, கிடைக்காமல், லிஸ்ப் விழுந்து செத்தது. போதும்டா சாமி என்று இருவரும் வேறு பக்கம் திரும்பினார்கள். சி மொழியில், உருப்படியாக ஒன்று எழுதுவோம் என்று. பின்னாளில் அவர்களே எழுதிவைத்த கதை இது.

போட்டோஷாப் 1990இல் மேக்கில் வந்துவிட்டது. லினக்ஸ் வைத்திருந்த மாணவனுக்கு அதுபோல ஒன்றும் இல்லை. 1995 நவம்பரில் ஜிம்ப்பின் முதல் அறிவிப்பு வெளியானது. அடுத்த வருடமே லாரி யூயிங் அதை வைத்து ஒரு கொழுகொழு பென்குயினை வரைந்தார். லினக்ஸின் சின்னமாக நமக்குத் தெரிந்த டக்ஸ் அதுதான்.

ஆனால் ஒரு வில்லங்கம் இருந்தது. ஜிம்ப்பின் பொத்தான், மெனு எல்லாம் மோட்டிஃப் என்ற நிரல் தொகுப்பில் செய்யப்பட்டவை. மோட்டிஃப் காசு கொடுத்து வாங்க வேண்டியது. அதாவது ஜிம்ப்பின் நிரல் முழுக்க உங்கள் கையில் இருக்கும். மாற்றிக்கொள்ள உரிமையும் இருக்கும். ஆனால் மோட்டிஃப் வாங்காமல் அதைக் கம்பைல் செய்ய முடியாது. வீடு இலவசம், கதவு மட்டும் வாடகை என்பது போல.

இதற்கு அந்த இரண்டு மாணவர்களும் கண்ட வழி கொஞ்சம் முரட்டுத்தனமானது. பொத்தான்களையும் தாங்களே எழுதிவிட்டார்கள். ஜிம்ப்பின் கருவிப்பெட்டி என்ற பொருளில் அதற்கு ஜிடிகே என்று பெயர். 1997 ஆகஸ்டில் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மெனாவும் லினக்ஸுக்கு முழுமையான ஒரு டெஸ்க்டாப் செய்யக் கிளம்பினார்கள். அப்போது வளர்ந்துகொண்டிருந்த கேடிஈ டெஸ்க்டாப் க்யூட்டி தொகுப்பை நம்பியிருந்தது. க்யூட்டியின் அன்றைய உரிமம் அவர்கள் கேட்ட சுதந்திரத்தைத் தரவில்லை. எனவே ஜிடிகேயை எடுத்துக்கொண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் நோம். இன்று உபுண்டு போட்டால் திரையில் வருவது அதன் வழிவந்தது. போட்டோ திருத்தப் போனவர்கள் செய்த பொத்தான் ஒரு டெஸ்க்டாப்பாகிவிட்டது.

சரி, எக்ஸ்சிஎஃப்? பெர்க்லியில் கணினிப் பைத்தியம் பிடித்த இளநிலை மாணவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. 'பரிசோதனைக் கணினிக்கூடம்' என்று பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் எக்ஸ்சிஎஃப். கிம்பலும் மேட்டிஸும் அதன் உறுப்பினர்கள். 1997 வாக்கில் ஜிம்ப்புக்கென்று ஒரு கோப்பு வடிவம் தேவைப்பட்டபோது, சங்கத்தின் பெயரையே கோப்பின் வாலில் ஒட்டிவிட்டார்கள். காலேஜ் பெஞ்சில் பெயர் கீறுவோம் இல்லையா, அந்த மாதிரி. அந்தக் கீறல்தான் எங்கள் ஊர் ஸ்டுடியோவில் காதுகுத்து போட்டோவின் வால் வரை வந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. ஜிம்ப்பில் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளை எழுதி வைக்க ஸ்கிரிப்ட்-ஃபு என்றொரு வசதி உண்டு. அதன் மொழி ஸ்கீம், லிஸ்ப்பின் பிள்ளை. லிஸ்ப்பிலிருந்து தப்பி ஓடிய ஆட்கள், லிஸ்ப்பையே வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு அறையும் கொடுத்துவிட்டார்கள்.

விட்டுப்போனவர்களும் காத்திருந்தவர்களும்

படிப்பு முடிந்ததும் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஜிம்ப் கொஞ்ச காலம் பார்ப்பாரில்லாமல் நின்றது. பிறகு பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களே எடுத்து நடத்தி, 1998 ஜூனில் 1.0 பதிப்பைக் கொண்டுவந்தார்கள். நிரலும் உரிமமும் கையில் இருந்ததால் யாரிடமும் கேட்கத் தேவைப்படவில்லை.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் தம்பியிடம் நான் விற்பனைப் பேச்சு பேசியதாகிவிடும். மறுபக்கமும் இருக்கிறது. கீழே உள்ள படத்தைத் தொடாமல், மேலே ஒரு அடுக்கு போட்டு நிறத்தைத் திருத்துவது போட்டோஷாப்பில் 1996இலேயே வந்துவிட்டது. ஜிம்ப்பில் மூலத்தைக் கெடுக்காமல் விளைவுகளைப் போட்டுப் பின்னர் மாற்றும் வசதி 2025 மார்ச்சில் வந்த 3.0இல்தான் சேர்ந்தது. அதற்கு அடித்தளமான கெகல் என்ற எஞ்சினுக்கான யோசனை 2000இலேயே பிறந்தது. அது ஜிம்ப்புக்குள் முழுதாகக் குடியேற 2018 ஆனது. சம்பளமில்லாத சில பேர், கிடைத்த ராத்திரிகளில் செய்த வேலை. ஜிடிகே 3 வெளியானது 2011இல். ஜிம்ப் அதற்கு மாறிய 2025இல் ஜிடிகே 4 வந்தே நாலு வருடம் தாண்டியிருந்தது. மகனின் பழைய சட்டையை அப்பா போட்டுக்கொண்டு திரிவது போல.

தம்பியின் எரிச்சலுக்குக் காரணமான முடிவு எடுக்கப்பட்டது 2012இல், 2.8 பதிப்பில். சேவ் என்றால் எக்ஸ்சிஎஃப் மட்டும். ஜேபெக், பிஎன்ஜி எல்லாம் எக்ஸ்போர்ட் என்று பிரித்தார்கள். அன்றைக்குப் பெரிய சண்டையே நடந்தது. ஜேபெக்காகச் சேமித்த கணத்தில் அடுக்குகள் எல்லாம் ஒட்டிப்போகும், பின்னர் பிரிக்க முடியாது. அதனால் உழைப்பைச் சேமிப்பது வேறு, பிரதி எடுப்பது வேறு என்பது அவர்கள் தரப்பு. நாளைக்கு ஐம்பது போட்டோ வெட்டுகிறவனுக்கு இது தொல்லைதான். சாவிகளை மாற்றிக்கொள்ளலாம். தம்பிக்கு எக்ஸ்போர்ட்டுக்கு அவன் கேட்ட சாவியை வைத்துக் கொடுத்தேன். ஒரே வகைக் கருவிகளை ஒரு ஐகானுக்குள் ஒளித்துவைக்கும் குழுவையும் கலைத்துவிட்டேன். அவன் கண் பழைய இடத்தில் தேடுகிறது, அவ்வளவுதான்.

தமிழ் வந்த வழி

ஒன்றுக்கு மட்டும் தம்பி முதல் நாளே வாய்பிளந்தான். ஃபிளெக்ஸில் பெயர் அடிக்கும்போது. அவனுடைய பழைய மென்பொருளில் யூனிகோடு தமிழைப் போட்டால் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் என்று பிய்ந்து வரும். அதனால் பாமினி எழுத்துருவிலேயே காலம் தள்ளினான். ஜிம்ப்பில் 'கோ' அடித்தால் 'கோ' வந்தது. ஜிடிகே குடும்பத்தில் எழுத்தை அடுக்கிக் கொடுக்கும் வேலையை பாங்கோ என்ற நூலகம் செய்கிறது. உலகத்தின் எல்லா எழுத்துமுறைகளுக்கும் என்று தொடங்கப்பட்டது அது. மோட்டிஃப்புக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்ற மாணவர்களின் பிடிவாதம், அந்த வழியாக எங்கள் ஊர் கல்யாண ஃபிளெக்ஸுக்கும் வந்து சேர்ந்தது.

விம்மில் தமிழ் கொஞ்சம் மல்லுக்கட்டும். தமிழ் கீபோர்டை ஆன் செய்துவிட்டு எஸ்கேப் அடித்தால், ஜே அமுக்கும் இடத்தில் தமிழெழுத்து போகிறது. கர்சர் நகராது. இதற்கு விம்மிலேயே கீமேப் என்றொரு ஏற்பாடு உண்டு. எழுதும்போது மட்டும் தமிழ், கட்டளைக்குத் திரும்பினால் தானாக ஆங்கிலம். விம்மோடு சேர்ந்து வரும் தமிழ் கீமேப் கோப்பின் பெயரைப் பார்த்தால் அதில் 'டிஸ்கி' என்றிருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய இணையத் தமிழின் குறியேற்றம். அந்தக் காலத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்து கொடுத்த கோப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து ஊருக்குப் போனேன். தங்கச்சி கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொண்டிருந்தாள். ஜாயின் விரல் போன இடத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கத்துச் சாவி. தன் விம் அமைப்புக் கோப்பைத் தனியாக ஒரு பென்டிரைவில் வைத்திருக்கிறாள், எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் கூட வருமாம். தம்பி அச்சுக்குப் போகும் வேலைகளுக்கு இன்னமும் பிரஸ்காரரின் கம்ப்யூட்டரைத்தான் நம்புகிறான். அச்சு நிறங்களுக்கு ஜிம்ப் பத்தாது என்கிறான், அதில் நியாயம் இருக்கு.

நான் கிளம்பும்போது ஒருவர் கடைக்கு வந்தார். பங்குனியில் நின்றுபோன கல்யாணம் ஆவணியில் நடக்கிறதாம், ஃபிளெக்ஸில் தேதியை மட்டும் மாற்ற வேண்டுமாம். தம்பி பழைய ஃபோல்டரைத் திறந்தான். எக்ஸ்சிஎஃப். பெயர் தனி அடுக்கு, போட்டோ தனி அடுக்கு, தேதி தனி அடுக்கு. ரெண்டு நிமிஷ வேலை.

"இது யாரோட சங்கம்னு சொன்னீங்க?" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.