ஈயப் பட்டறையிலிருந்து சிக்ரி வரை

எங்கள் ஊர் நாட்டரசன்கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. கம்பர் சமாதியிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து வந்து, பிறந்த குழந்தையின் நாவில் வைப்பார்கள். பிள்ளைக்கு நல்ல வாக்கு வரும் என்பது நம்பிக்கை. எனக்கும் வைத்தார்களாம். வாக்கு வந்ததா என்பதை இம்மலரைப் படிக்கும் நண்பர்கள்தான் சொல்ல வேண்டும். கேள்வி மட்டும் நிறையவே வந்தது.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது எங்கள் தெருவுக்கு ஈயம் பூசும் பாய் ஒருவர் வருவார். வேப்பமரத்தடியில் சின்னக் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தி வைத்து ஊதுவார். அப்பத்தா வீட்டிலுள்ள பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் எடுத்துப் போடுவாள். பாய் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். ஈயத்தை ஒரு தொடு தொட்டுத் துணியால் தேய்த்தால் பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளி மாதிரி ஆகிவிடும்.

"ஏன் அப்பத்தா ஈயம் பூசணும்?"

"பூசாட்டி களிம்பு ஏறும்டா. புளிக்குழம்பு வச்சா விஷமாயிரும்."

"களிம்பு ஏன் ஏறுது?"

"அதை பாய்கிட்டே கேளு."

பாயிடம் கேட்டேன். "அது தெரியாது தம்பி. ஆனா நவச்சாரம் போடாம பூசினா ஈயம் ஒட்டாது. வேணும்னா பாரு" என்றார். ஒரு பழைய கிண்ணத்தில் பொடி போடாமலே பூசிக் காட்டினார். ஈயம் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பிறகு பொடி தூவிப் பூசினார், பிடித்துக்கொண்டது. துருத்தியையும் என் கையில் கொடுத்து ஊதச் சொன்னார். தெரியாது என்று சொன்ன அந்த மனிதர்தான் எனக்குச் செய்து காட்டிய முதல் விஞ்ஞான ஆசிரியர். அதே கேள்வியைப் பள்ளியில் கேட்டபோது, "பேசாம உட்காரு, இது பரீட்சைக்கு வராது" என்ற பதில்தான் கிடைத்தது.

விடை கிடைக்கப் பல வருஷம் ஆயிற்று. காரைக்குடியில் நம் கல்லூரியில் சேர்ந்து முதலாண்டு வேதியியல் படித்தபோதுதான், நவச்சாரம் சூட்டில் பிரிந்து அமிலப் புகையாகி, பித்தளை மேலுள்ள ஆக்சைடு படலத்தைக் கரைத்து விடுகிறது என்று தெரிந்தது. சுத்தமான உலோகத்தில்தான் ஈயம் பரவும். பாயின் வெள்ளைப் புகைக்கு அர்த்தம் புரிந்த அன்று விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

உலோகம் ஏன் அரிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்பதையே முக்கியமான வேலைகளில் ஒன்றாக வைத்திருக்கும் ஆராய்ச்சி நிலையம் நம் கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாமெல்லாம் சுருக்கமாக சிக்ரி என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அது. சுதந்திரம் வந்த புதிதில் தேசிய ஆய்வகங்களைத் தில்லி, பூனா, ஜாம்ஷெட்பூர் என்று பெரிய நகரங்களிலும் தொழில் நகரங்களிலும் அமைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறும் இல்லாத, பெரிய ஆலையும் இல்லாத காரைக்குடிப் பொட்டலுக்கு அப்படி ஓர் ஆய்வகம் வந்ததற்குக் காரணம் வள்ளல் அழகப்பர்.

அழகப்பர் 1909-ல் கோட்டையூரில் பிறந்தவர். படித்தது ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ.; லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். 1947-ல் சென்னையில் நடந்த அன்னிபெசன்ட் நூற்றாண்டு விழாவில் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று பேசினார். அந்த மேடையிலேயே காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தவர் அழகப்பர். அதே வருஷம் கல்லூரி தொடங்கிவிட்டது.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இடையே 1952-ல் நம் பொறியியல் கல்லூரி பிறந்தது. 1957 ஏப்ரலில், 48 வயது நிறையும் முன்பே, அழகப்பர் காலமானார்.

இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. தெரிந்ததைச் சொல்லித் தரும் இடம் கல்லூரி. இன்னும் தெரியாததைத் தேடும் இடம் ஆய்வகம். இரண்டையும் ஒரே மண்ணில், கூப்பிடு தூரத்தில் வைத்திருக்கிறார்கள். படிக்கிற பிள்ளை தேடுகிறவர்களைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

தேடுவது எப்படியிருக்கும் என்பதற்கு மண்டபம் ஓர் உதாரணம். அங்கே சிக்ரியின் கடல் அரிப்பு ஆய்வுக்கூடம் இருக்கிறது. இரும்புத் தகடுகளைக் கடற்காற்றில் வரிசையாக மாட்டி வைத்து, எவ்வளவு நாளில் எவ்வளவு எடை குறைகிறது, எந்தப் பூச்சு தாங்குகிறது என்று வருஷக்கணக்கில் கணக்கெடுக்கிறார்கள். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் அந்த உப்புக் காற்றோடுதான் நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் ஓய்ந்தது. புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருப்பதும் விஞ்ஞானம்தான். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

பிள்ளைகளிடம் இதைக் கொண்டு சேர்க்க முயன்றவர்களும் உண்டு. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் 'துளிர்' இதழைக் கொண்டுவந்தது. நூலகத்தில் அதைப் படித்துவிட்டு வீட்டில் ஏதாவது செய்து பார்த்து அடி வாங்கியவன் நான். 2017 ஜூலையில் மத்திய அரசு 'ஜிக்யாசா' என்ற திட்டத்தைத் தொடங்கி, சிக்ரி உள்ளிட்ட 38 தேசிய ஆய்வகங்களைக் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளோடு இணைத்தது. ஜிக்யாசா என்றால் அறியும் ஆவல். நல்ல திட்டம். ஆனால் நம் கிராமத்துப் பள்ளிக்கு அருகில் கேந்திரிய வித்யாலயாவும் இல்லை, ஆய்வகமும் இல்லை. நாம் இருக்கிறோம்.

நாம் என்று சொல்லும்போது எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. போன மாதம் ஆலை வேலை முடிந்து அலுத்து வந்து உட்கார்ந்தேன். எட்டு வயது மகள், "அப்பா, சைக்கிள் செயின் மட்டும் ஏன் துருப்பிடிக்குது, கைப்பிடி ஏன் பிடிக்கலே?" என்றாள். "பேசாம போய்ப் படி" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கே கேட்டது என்று ஞாபகம் வந்தது. அரிப்பைப் பற்றிப் படித்துச் சம்பளம் வாங்குகிற என்ஜினீயர் சொன்ன பதில் அது!

மறுநாள் மூன்று கண்ணாடி டம்ளர் எடுத்தோம். மூன்றிலும் ஓர் இரும்பு ஆணி. ஒன்றில் சாதாரணத் தண்ணீர். ஒன்றில் உப்புத் தண்ணீர். மூன்றாவதில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை நிறைய ஊற்றி, மேலே எண்ணெய் விட்டோம். ஒரு வாரத்தில் உப்புத் தண்ணீர் ஆணி செம்மண் நிறமாகிவிட்டது. எண்ணெய்க்கு அடியிலிருந்த ஆணி ஏறத்தாழப் போட்டபடியே இருந்தது. காற்று போக வழியில்லையே! நான் விளக்கம் சொல்லவில்லை. அவளே நான்காவது டம்ளர் கொண்டுவந்து, "மெழுகு தடவிப் போட்டா என்ன ஆகும்?" என்றாள். அங்கேதான் கண்டுபிடிப்பு தொடங்குகிறது.

இம்மலர் வழியாக என் கோரிக்கை இதுதான். நம்மில் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு இரண்டு சனிக்கிழமை சொந்த ஊர்ப் பள்ளிக்குப் போவோம். பெரிய கருவி ஏதும் வேண்டாம். ஆணி, உப்பு, நாலு டம்ளர் போதும். உரை நிகழ்த்த வேண்டாம். செய்து காட்டுவோம், பிள்ளைகள் கையில் கொடுப்போம். தெரியாத கேள்வி வந்தால் பாய் மாதிரி "தெரியாது, வா பார்ப்போம்" என்போம். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளும் வரலாம். கல்லூரியிலிருந்து சிக்ரி எவ்வளவு பக்கம் என்பதை நான்கு வருஷமும் மறந்துவிடாதீர்கள்.

நான் நாட்டரசன்கோட்டையில் தொடங்குகிறேன். எங்கள் தெருவுக்குப் பாய் வருவது நின்று வெகு காலமாகிறது. எவர்சில்வர் வந்த பிறகு ஈயம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. வேப்பமரம் மட்டும் இருக்கிறது. டம்ளர்களை அதன் அடியிலேயே வைக்கலாம் என்றிருக்கிறேன்.