மாணவர் சுயாட்சி

பள்ளியின் விதிகளை வகுத்தல், வழக்குகளைத் தீர்த்தல் முதலிய காரியங்களில் உபாத்தியாயர்களோடு பிள்ளைகளுக்கும் அதிகாரம் அளிக்கும் ஏற்பாடு மாணவர் சுயாட்சி எனப்படும். பிள்ளைகளிடம் வேலையை ஒப்படைப்பது வேறு, அதிகாரத்தை ஒப்படைப்பது வேறு. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அவர்களை அடக்கியும் வந்தான்; 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் படைவீரரின் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டு, 1797இல் அதுபற்றி லண்டனில் நூல் வெளியிட, அது ‘சென்னை முறை’ என்ற பெயரால் இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஆயினும் சட்டாம்பிள்ளை உபாத்தியாயரின் பிரதிநிதியேயன்றிப் பிள்ளைகளின் பிரதிநிதி அல்லன்; ஆதலின் இவற்றைச் சுயாட்சியின் தொடக்கமாகக் கொள்வதற்கில்லை.

1895இல் வில்லியம் ஜார்ஜ் என்பவர் நியூயார்க் மாகாணத்து ஃப்ரீவில்லில், நகரத்து ஏழைச் சிறுவர்களைக் கொண்டு, தமக்கென நாணயமும் சட்டசபையும் நியாயஸ்தலமும் சிறைக்கூடமும் உடைய ‘சிறுவர் குடியரசு’ ஒன்றை நிறுவினார். இத்தகைய முயற்சியில் அமெரிக்காவில் பழகிய ஹோமர் லேன், 1913இல் இங்கிலாந்தின் டார்செட்டில், குற்றம் புரிந்த இளைஞர்களுக்காக ஒரு சிறு சமுதாயத்தை அமைத்தார். அது 1918இல் மூடப்பட்டது.

இவற்றினும் ஆழமானது வார்சா நகரில் வைத்தியர் யானுஷ் கோர்ச்சாக் 1912 முதல் நடத்திய யூத அநாதை இல்லத்தின் பரிசோதனையாகும். யாரும் யார்மீதும் வழக்குத் தொடரலாம். அந்த வாரத்தில் தம்மீது வழக்கில்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுத்த ஐவர் நீதிபதிகளாக அமர்வர். ஆயிரம் வரை எண்ணிடப்பட்ட சட்டத்தில் முதல் 99 விதிகளும் மன்னிப்பதற்கும் வழக்கைத் தள்ளுவதற்குமே உரியன. ஆயிரமாவது விதி, இல்லத்தை விட்டு விலக்குவது. ஒரு சிறுவனின் காதில் அறைந்தது முதலிய பிழைகளுக்காக, ஆறு மாத காலத்தில் ஐந்து தடவை தம்மையே அந்த நியாயஸ்தலத்தில் நிறுத்திக்கொண்ட கோர்ச்சாக், ஆசிரியர் பிள்ளைகளுக்கு அநீதி இழைக்காதிருப்பது அன்பினால் அல்ல, அவர்களைக் காக்கும் ஸ்தாபனம் ஒன்று இருப்பதனாலேயே என்ற உண்மையை இவ்வழக்குகள் தமக்குக் கற்பித்ததாக எழுதினார். ஆசிரியரின் கருணையை நம்பி நிற்கும் உரிமை உரிமையாகாது என்பதை இவரளவு தெளிவாகக் கண்டவர் வேறெவரையும் சொல்லத் தோன்றவில்லை. 1942 ஆகஸ்டில் நாஜிகள் ஏறத்தாழ 200 பிள்ளைகளோடு அவரையும் டிரெப்ளிங்கா கொலைக்களத்துக்குக் கொண்டு சென்றனர்.

ஹோமர் லேனைக் குருவாகக் கொண்ட ஏ. எஸ். நீல், 1921இல் ஜெர்மனியில் தொடங்கிய பள்ளி, 1927 முதல் இங்கிலாந்தின் லெய்ஸ்டன் என்னும் ஊரில் சம்மர்ஹில் என்ற பெயரால் நடைபெறுகிறது. படுக்கைக்குச் செல்லும் நேரம் உட்பட அன்றாட வாழ்வின் விதிகளைப் பொதுச்சபை முடிவு செய்யும்; ஆறு வயதுக் குழந்தைக்கும் நீலுக்கும் ஒரு வோட்டே. ஆயினும் ஆசிரியர் நியமனத்தை நீல் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். இதனை ஒரு குறையென்றே கூறவேண்டும். அக்குறையை, 1968இல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸில் தோன்றிய சட்பரி பள்ளத்தாக்குப் பள்ளி, ஆண்டுதோறும் ஆசிரியர்களை மாணவரும் சேர்ந்து வாக்களித்துத் தெரிந்தெடுக்கும் ஏற்பாட்டால் நீக்கிற்று.

போலந்து 1978இல் முன்மொழிந்து, 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் அபிப்பிராயம் கூறும் உரிமையைத் தன் 12ஆம் பிரிவில் குழந்தைகளுக்கு வழங்கியது. கேட்கப்படும் உரிமை இது. முடிவு செய்யும் உரிமையன்று. இன்று பல பள்ளிகளில் காணும் மாணவர் மன்றங்கள் இந்த அளவையும் எட்டாமல், விழா ஏற்பாட்டோடு நின்றுவிடுகின்றன.

பாடத்துக்கு வருவதும் வராததும் மாணவர் விருப்பம் என்ற சம்மர்ஹில் கொள்கையை 1999இல் பிரிட்டிஷ் அரசின் பள்ளி ஆய்வாளர்கள் கண்டிக்க, பள்ளி வழக்காடியது. 2000 மார்ச்சில் அரசு சமரசத்துக்கு இணங்கியபோது, லண்டன் நியாயஸ்தலக் கூடத்திலேயே மாணவர்கள் தம் பொதுச்சபையைக் கூட்டி, வாக்கெடுப்பு நடத்தி, உடன்பாட்டை ஏற்றனர்.